டூர் முடிந்து ஞாயிறு இரவு இறங்கி, திங்கள் காலை வேலைக்குப் போகலாமா?

ஜூன் 2, மாலை (கேள்வி)

12 நாள் குழுச் சுற்றுலா, 6 மணி நேர வித்தியாசமுள்ள நாடு. டூர்காரர்கள் போட்டுக் கொடுத்த விமானம் ஞாயிறு இரவு 9 மணிக்கு இறங்குகிறது. திங்கள் காலை 9 மணிக்கு மீட்டிங். கையில் மிச்சமிருப்பது ஒரே ஒரு லீவு. அதைத் திங்களுக்குப் போடுவதா, பிறகு தேவைப்படும் என்று வைத்துக்கொள்வதா? ஜெட்லேக் (நேர மண்டலம் மாறிப் பறந்ததால் வரும் தூக்கக் குழப்பம்) எல்லாம் இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று சொல்கிறார்கள்.

ஜூன் 2, இரவு

இரண்டு நாளில் சரியாகாது. கிழக்கு நோக்கிப் பறந்து வீடு வந்தால் உடல் கடிகாரம் நாளொன்றுக்குச் சுமார் ஒரு மணி நேரம்தான் நகரும். மேற்கு நோக்கி வந்தால் ஒன்றரை மணி நேரம். 6 மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால் கிழக்குக்கு ஏறக்குறைய ஒரு வாரம், மேற்குக்கு நாலு நாள். மனித உடலின் உள் கடிகாரம் 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளமாக ஓடுவதால் நாளை நீட்டுவது அதற்குச் சுலபம், சுருக்குவது கஷ்டம்.

12 நாள் அங்கே இருந்திருப்பதால் உடல் முழுக்க அந்த நேரத்துக்கு மாறியிருக்கும். இரண்டு மூன்று நாள் டூர் என்றால் பாதி வழிதான் போயிருக்கும். திரும்புவதும் பாதி சிரமம்.

ஆக, ஒரு நாள் லீவு ஜெட்லேக்கைத் தீர்க்கப் போவதில்லை. இருந்தாலும் திங்களுக்கே போடுங்கள். காரணம் வேறு, நாளை எழுதுகிறேன்.

ஜூன் 3

குழுச் சுற்றுலாவின் கால அட்டவணையைப் பாருங்கள்: 6 மணிக்கு எழுப்பும் அழைப்பு, 7 மணிக்குச் சிற்றுண்டி, 8 மணிக்குப் பேருந்து. இடம் மாறும் நாட்களில் பெட்டியை அதற்கும் முன்னால் அறை வாசலில் வைக்க வேண்டும். இரவு அறைக்கு வரும்போது 10 தாண்டிவிடும். தினமும் ஒரு மணி நேரம் தூக்கம் குறைந்தாலும் 12 நாளில் கடன் ஏறிவிடுகிறது. ஜெட்லேக் இல்லாத பக்கத்து நாட்டுக்குப் போய் வந்தவர்கள்கூட வாடிப்போய் வருவது இதனால்தான். திங்கள் லீவு இந்தக் கடனின் முதல் தவணைக்கு.

விடுமுறையின் பலன் எவ்வளவு நாள் தாங்கும் என்பதை அளந்திருக்கிறார்கள். நெதர்லாந்தில் 1,530 பேரை வைத்து யெரூன் நவைன் குழு 2010இல் வெளியிட்ட ஆய்வில், பயணம் முடிந்து வந்தவர்களுக்கும் போகாதவர்களுக்கும் மகிழ்ச்சியில் வித்தியாசம் தெரியவில்லை. விதிவிலக்கு, 'மிக நிதானமான' விடுமுறை எடுத்தவர்கள் மட்டும். ஜெசிக்கா டி ப்ளூம் குழுவின் 2013 ஆய்வு, வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்துக்குள்ளேயே உடல்நலமும் மனநிலையும் பழைய அளவுக்கு வந்துவிடுவதைக் காட்டியது. குழுச் சுற்றுலாவை யாரும் 'மிக நிதானம்' என்ற பெட்டியில் போட மாட்டார்கள். எனவே புத்துணர்ச்சியோடு திரும்பி வேலையை அள்ளிவிடலாம் என்று திட்டம் போட வேண்டாம். களைப்போடு வருகிறோம் என்று வைத்தே திட்டம் போடுங்கள்.

அடுத்த முறைக்கு: ஒரே டூர் பல தேதிகளில் கிளம்பும். விலைக்கு அடுத்தபடி பார்க்க வேண்டியது திரும்பும் கிழமை. வெள்ளி காலை இறங்கும் தேதி கிடைத்தால், வேலைக்கு முன் சனி, ஞாயிறு இரண்டு நாள் கிடைக்கும்.

ஜூன் 3, பிற்பகல்

விமான நிலையத்தில் காரை விட்டுவிட்டுப் போகிறீர்களா? அப்படியானால் திரும்பி ஓட்டுவதற்கு வேறு ஆள் வரட்டும். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனமும் எதிர்வினையும் இரத்தத்தில் 0.05 விழுக்காடு ஆல்கஹால் இருப்பவரின் நிலைக்குச் சமம் என்று 1997இலேயே அளந்து காட்டியிருக்கிறார்கள். கடைசி நாள் ஊர் சுற்றல், விமானத்துக்குக் காத்திருப்பு, பயணம் எல்லாம் சேர்ந்தால் 17 மணி நேரம் சாதாரணமாகத் தாண்டும்.

ஜூன் 4

கேட்டவர் பதில் போட்டிருக்கிறார்: கிழக்கு நோக்கித் திரும்புகிறாராம். 'காலையில் எழுந்ததும் வெயிலில் நில்லுங்கள், சரியாகிவிடும்' என்று ஒருவர் அவருக்குச் சொல்லியிருக்கிறார். இந்த இடத்தில் அந்த யோசனை எதிர்த் திசையில் வேலை செய்யும்.

உடல் வெப்பநிலை மிகக் குறைவாக இருக்கும் நேரம், வழக்கமாக எழுவதற்கு 2 முதல் 3 மணி நேரம் முன். அதற்கு முன்னால் பட்ட வெளிச்சம் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளும். அதற்குப் பின்னால் பட்ட வெளிச்சம் முன்னுக்கு இழுக்கும். டூர் நாட்டில் காலை 6 மணிக்கு எழுந்து பழகியவருக்கு அந்தப் புள்ளி அங்கே ஏறக்குறைய காலை 4 மணி. 6 மணி நேரம் கூட்டினால் வீட்டு நேரப்படி காலை 10. ஆக முதல் நாள் காலை 10 மணிக்கு முன் பிரகாசமான வெளிச்சம் வேண்டாம்: திரையை மூடி வையுங்கள், வெளியே போக வேண்டியிருந்தால் கறுப்புக் கண்ணாடி. 10 முதல் 1 மணி வரை வெளியே நல்ல வெளிச்சத்தில் இருங்கள். மறுநாள் எல்லாவற்றையும் ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்துங்கள்: 9 முதல் 12. அதற்கடுத்த நாள் 8 முதல் 11. (கறுப்புக் கண்ணாடியோடு வண்டி ஓட்டும்போது தூக்கம் இன்னும் கூடும். அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.)

திங்கள் லீவுக்கு இதுவே இரண்டாவது காரணம். 9 மணி மீட்டிங்குக்காக 8 மணி வெயிலில் கிளம்பினால் முதல் நாளே கடிகாரம் தப்பான பக்கம் போகும்.

மேற்கு நோக்கித் திரும்புவோருக்குக் கணக்கு தலைகீழ். அதே 6 மணி நேரத்தில் அந்தப் புள்ளி வீட்டு நேரப்படி இரவு 10 மணிக்கு வரும். மாலை வெளிச்சம் நல்லது. முடிந்தவரை அதில் இருங்கள். நடுச்சாமம் 3 மணிக்கு விழிப்பு வரும். அப்போது விளக்குப் போடாதீர்கள், போனை எடுக்காதீர்கள், கட்டாயம் மெயில் திறக்காதீர்கள்.

ஜூன் 4, இரவு

இதிலிருந்து வேலைக்கு உபயோகமான ஒன்று. கிழக்கு நோக்கி வந்தவருக்கு முதல் மூன்று நாள் காலை மந்தமாகவும் பிற்பகலுக்கு மேல் தெளிவாகவும் இருக்கும். எண்கள் பார்க்கும் வேலை, ஒப்பந்தம் படிக்கும் வேலை எல்லாம் 2 மணிக்கு மேல் வையுங்கள். மேற்கு நோக்கி வந்தவர் விடிகாலையில் கத்தி மாதிரி இருப்பார், 3 மணிக்கு மேல் மீட்டிங்கில் தலை சாயும். அவருக்குக் கனமான வேலை காலையில்.

பிற்பகல் தூக்கம் தாங்கவில்லையென்றால் 20 நிமிடம், அலாரம் வைத்து. ஒரு மணி நேரம் தூங்கி எழுந்தால் மண்டை கனமாகவே அடுத்த அரை மணி ஓடும், ராத்திரித் தூக்கமும் கெடும். காபியை, படுக்கும் நேரத்துக்குக் குறைந்தது 6 மணி நேரம் முன்பே நிறுத்துங்கள்.

மெலடோனின் (தூங்கும் நேரத்தை உடலுக்குச் சொல்லும் ஹார்மோன், மாத்திரையாகவும் கிடைக்கும்) பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். கிழக்கு நோக்கி 5 மணி நேரத்துக்கு மேல் கடந்தவர்களுக்கு உள்ளூர் படுக்கை நேரத்தில் 0.5 முதல் 5 மி.கி. வரை பலன் தருகிறது. 5க்கு மேல் போவதால் கூடுதல் பலன் இல்லை. நேரம் தப்பிப் பகலில் போட்டால் தூக்கமும் வரும், கடிகாரம் நகர்வதும் தாமதமாகும். வலிப்பு உள்ளவர்களும், இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. சில நாடுகளில் சீட்டு இல்லாமல் கிடைக்காது.

ஜூன் 6

இப்போது இன்பாக்ஸ். 'பழையதிலிருந்து வரிசையாகப் படிப்பதே ஒழுங்கு' என்று ஒருவர் வாதிடுகிறார். ஒழுங்குதான், ஆனால் ஏற்கெனவே தீர்ந்துபோன சண்டைகளுக்கெல்லாம் பதில் எழுதிக்கொண்டிருப்பீர்கள்.

முதலில் நாட்காட்டி. மெயிலுக்கு முன் அதைத் திறந்து, வந்து கிடக்கும் அழைப்புகள், ரத்துகள், நேர மாற்றங்களை முடியுங்கள். இந்த வாரத்தில் எவ்வளவு நேரம் உண்மையில் கையில் இருக்கிறது என்பது அதன்பிறகுதான் தெரியும்.

அடுத்து, நீங்கள் நேரடிப் பெறுநராக உள்ளவை தனி, சி.சி.யில் உள்ளவை தனி. சி.சி.யில் உள்ளவற்றை ஒரு கோப்புறையில் தள்ளி வெள்ளிக்கிழமை வரை தொடாதீர்கள். தானியங்கி அறிவிப்புகளை அனுப்புநர் வாரியாக அடுக்கி மொத்தமாக நீக்குங்கள். மீதியை உரையாடல் வாரியாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் கடைசி மெயிலை மட்டும் படியுங்கள். அவுட்லுக்கில் 'உரையாடலைத் துப்புரவு செய்' என்ற வசதி, பிந்தைய பதிலுக்குள் முழுதாக அடங்கிவிட்ட பழைய மெயில்களை நீக்கிவிடும். பாதிப் பாரம் அதிலேயே குறையலாம்.

முழுதும் பார்த்து முடிக்கும்வரை ஒரு பதிலும் அனுப்பாதீர்கள். கட்டாயம் என்றால் வரைவாக வையுங்கள். நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு பதிலும் மதியத்துக்குள் இன்னொரு கேள்வியாகத் திரும்பி வரும். அதைவிட, 'இவர் வந்துவிட்டார்' என்று ஊருக்கே அறிவிப்பாகிவிடும்.

ஜூன் 6, சற்றுப் பின்

கடைசி மெயில் விதிக்கு ஒரு விலக்கு: ஒப்புதல் கோரிக்கைகள். யாரோ 'நினைவூட்டல்' என்று ஒரே வரி அனுப்பியிருப்பார். கெடு தேதியும் தொகையும் அடியில் மூன்றாவது மெயிலில் இருக்கும். 'ஒப்புதல்', 'கெடு', 'கையெழுத்து' போன்ற சொற்களைத் தேடி, அவற்றைத் தனியாக முதலிலிருந்து படியுங்கள்.

ஜூன் 7

ஜெர்மன் கார் நிறுவனமான டைம்லரில் 2014இல் ஒரு ஏற்பாடு பேசப்பட்டது: ஊழியர் விடுப்பில் இருக்கும்போது வரும் மெயிலைத் தானாகவே அழித்துவிட்டு, 'அழிக்கப்பட்டது, அவசரம் என்றால் இன்னாரைக் கேளுங்கள்' என்று அனுப்பியவருக்குச் சொல்லிவிடுவார்கள். கேட்டவர் தன் மேலாளரிடம் இதைச் சொல்லப் போகிறாராம். என்ன பதில் வந்தது என்று இங்கே எழுதுங்கள், சிரிக்க ஆவல்.

அது நடக்காத இடத்தில் தானியங்கிப் பதிலைச் சரியாக அமையுங்கள். திரும்பும் தேதியை உண்மையான தேதிக்கு ஒரு நாள் தள்ளிப் போடுங்கள். அவுட்லுக் எக்ஸ்சேஞ்சில் (பல அலுவலகங்களின் மெயில் அமைப்பு) ஒருவருக்கு ஒருமுறைதான் அந்தப் பதில் போகும். அணைத்து மறுபடி போட்டாலோ வாசகத்தை மாற்றினாலோதான் மீண்டும் போகும். ஜிமெயிலில் அதே நபர் தொடர்ந்து எழுதினால் 4 நாளுக்கு ஒருமுறை. டூரின் நடுவில் வாசகத்தை மாற்றினால், முன்பே பதில் வாங்கியவர்கள் மறுபடி எழுதினால்தான் புதியதைப் பார்ப்பார்கள், எல்லோரும் பார்த்திருப்பார்கள் என்று எண்ண வேண்டாம்.

ஜூன் 8

பொறுப்பைத் திரும்ப வாங்குவது. போகும்போது பக்கம் பக்கமாகக் குறிப்பு எழுதிக் கொடுக்கிறோம். வந்ததும் 'ஏதாவது விசேஷமா?' என்று நடைபாதையில் கேட்டு முடித்துவிடுகிறோம். உங்கள் வேலையைப் பார்த்தவரோடு அரை மணி நேரம் உட்காருங்கள், இன்பாக்ஸைத் திறப்பதற்கு முன்பாகவே. கேட்க வேண்டியவை: எது முடிந்தது? என் பெயரில் என்ன முடிவெடுக்கப்பட்டது? யாருக்கு, எந்தத் தேதிக்குள், என்ன வாக்குக் கொடுக்கப்பட்டது? 'அவர் வரட்டும்' என்று எது தள்ளி வைக்கப்பட்டது? கடைசிக் கேள்வியின் பதில்தான் உங்கள் முதல் வாரம்.

எல்லாவற்றையும் அன்றே பிடுங்கிக்கொள்ள வேண்டாம். பாதியில் நிற்பவற்றை அவரே இரண்டு நாளில் முடிக்கட்டும். ஒப்புதல் அதிகார மாற்றம், மெயில் திருப்பல், தொலைபேசித் திருப்பல் மூன்றையும் அணைப்பது இந்தப் பேச்சுக்குப் பிறகு. முன்னாலேயே அணைத்தால், அவர் பார்த்துக்கொண்டிருந்த கோரிக்கை இருவருக்கும் தெரியாமல் நடுவில் நிற்கும். திருப்பலை அணைக்க மறப்பது இன்னும் சகஜம். மூன்று வாரம் கழித்துத்தான் தெரியவரும்.

இன்னொன்று. 12 நாளாக எப்போது எழுவது, எந்தப் பேருந்தில் ஏறுவது, எங்கே எத்தனை நிமிடம் நிற்பது என்பதையெல்லாம் கொடி பிடித்தவர் முடிவு செய்தார். தலை எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும். திங்களோ செவ்வாயோ நாற்காலியில் உட்கார்ந்ததும் முடிவுகள் உங்களிடம் வரிசையில் நிற்கும். திரும்பப் பெற முடியாத எதையும், ஆள் எடுப்பது, விலை உறுதி செய்வது, ராஜினாமா உட்பட, முதல் மூன்று நாளில் செய்யாதீர்கள். ராஜினாமாவைச் சும்மா சேர்க்கவில்லை.

ஜூன் 8, இரவு

கருவிகள் பக்கம், சுருக்கமாக. எல்லாம் வேலைக்கு முந்தைய மாலையே செய்யக்கூடியவை.

வெளிநாட்டு இ-சிம் இன்னும் டேட்டா லைனாக இருக்கும். மாற்றுங்கள், ரோமிங்கை அணையுங்கள். வீட்டு சிம்மை அணைத்து வைத்திருந்தால் போட்டுச் சோதியுங்கள், ஓடிபி வருகிறதா என்று.

போன் கடிகாரத்தைக் கையால் மாற்றியிருந்தால் தானியங்கிக்குத் திருப்புங்கள். அங்கீகாரச் செயலி (ஆத்தென்டிகேட்டர்) உள்நுழையத் தரும் 6 இலக்க எண் நேரத்தை வைத்தே உருவாகிறது. கடிகாரம் ஓரிரு நிமிடம் தப்பினாலே எண் செல்லாது.

லீவில் பாஸ்வேர்டு காலாவதியாகியிருந்தால், வி.பி.என். இணைப்பிலோ அலுவலக வலையிலோ இருந்தபடி மாற்றுங்கள். மாற்றியதும் போன், டேப்லெட் எல்லாவற்றிலும் புதியதைப் போடுங்கள். பழைய பாஸ்வேர்டோடு மெயில் செயலி பின்னணியில் முட்டிக்கொண்டே இருந்தால் கணக்கு பூட்டிக்கொள்ளும். திங்கள் காலை உதவி மையத்துக்கு வரும் அழைப்புகளில் இது பழம்பெரும் வகை.

மடிக்கணினியைச் செருகி, இரு வாரப் புதுப்பிப்புகளை ஓட விடுங்கள். மெயிலைத் திறக்காமல்.

வேறு நேர மண்டலத்தில் இருந்தபடி அவுட்லுக்கில் குறித்த முழுநாள் நிகழ்வுகள் வீட்டில் பார்க்கும்போது இரண்டு நாட்களில் பரவி நிற்கலாம். சரிபாருங்கள்.

ஜூன் 10

லக்கேஜ். இதை வேலை மும்முரத்தில் விட்டுவிட்டுப் பிறகு வருந்துகிறவர்கள் ஏராளம், ஏனென்றால் கெடு சரியாக முதல் வாரத்தில் விழுகிறது. பன்னாட்டு விமானப் பயணத்துக்கான 1999 மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி, பெட்டி சேதமானால் கைக்கு வந்த 7 நாளுக்குள் விமான நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். தாமதமாக வந்தால், வந்த நாளிலிருந்து 21 நாள். வழக்கு என்றால் 2 ஆண்டு. 2024 டிசம்பர் 28 முதல் லக்கேஜ் இழப்பீட்டு உச்சவரம்பு ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். (பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு).

விமான நிலைய மேசையில் நிரப்பிய பி.ஐ.ஆர். (லக்கேஜ் குறைபாட்டு அறிக்கை) படிவத்தை மட்டும் நம்பி இருக்காதீர்கள். அது நடந்ததைப் பதிவு செய்வது. இழப்பீட்டுக் கோரிக்கையைத் தனியாக எழுதி அனுப்புங்கள், பி.ஐ.ஆர். எண்ணைக் குறிப்பிட்டு.

குழுப் பயணத்தில் கூடுதல் சிக்கல்: எல்லோருடைய பெட்டியையும் ஒன்றாகச் செக்-இன் செய்யும்போது டேக் வேறொருவர் பெயரில் விழுந்திருக்கலாம். டேக் துண்டில் உள்ள பெயரைப் பாருங்கள். உங்கள் பெயர் இல்லையென்றால் அவரைச் சேர்த்துக்கொண்டு கோருங்கள். போர்டிங் பாஸைத் தூக்கிப் போடாதீர்கள்.

ஜூன் 11

உடம்பு. 'அலைச்சல் காய்ச்சல்' என்று தள்ளிவிட்டு அலுவலகம் போகிறவர்களுக்காக.

மலேரியா உள்ள நாட்டுக்குப் போயிருந்தால், அங்கே கால் வைத்து ஒரு வாரத்துக்குப் பின் எப்போது காய்ச்சல் வந்தாலும், குறிப்பாகத் திரும்பிய 3 மாதத்துக்குள், அன்றே இரத்தப் பரிசோதனை. எந்த நாடு, எந்தத் தேதிகள் என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். தடுப்பு மாத்திரையை ஊர் வந்ததும் நிறுத்தக் கூடாது: அடோவகோன்-புரோகுவானில் என்றால் அந்தப் பகுதியை விட்டு வந்தபின் 7 நாள், டாக்சிசைக்ளின் அல்லது மெஃப்லோகுயின் என்றால் 4 வாரம். டெங்கு கொசு கடித்து 4 முதல் 10 நாளில் காட்டும். சந்தேகம் இருக்கும்வரை ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் வேண்டாம், பாராசிட்டமால் மட்டும்.

ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைச் சதை வலித்தால் காத்திருக்க வேண்டாம். 4 மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணம் இரத்தக் கட்டியின் ஆபத்தைக் கூட்டுகிறது. அந்த ஆபத்து இறங்கியதும் முடிந்துவிடுவதில்லை, சில வாரங்கள் தொடரும். வந்தவுடன் நாள் முழுக்க நாற்காலியை விட்டு எழாமல் பாக்கி வேலை பார்ப்பது அதற்குமேல்.

பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் இருமிக்கொண்டே வந்தாரா? ஃப்ளூ 1 முதல் 4 நாளில் தெரியும். முடிந்தால் முதல் இரண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை.

ஜூன் 13

குழுவின் வாட்ஸ்அப். இது இழையை விட்டு விலகுகிறது, ஆனால் முதல் வாரத்தில் போனைத் தின்பது இதுதான். வெளியேறினால் கோபம் வரும். ஒலியடக்கி, காப்பகத்தில் தள்ளி, படங்கள் தானாக இறங்குவதை நிறுத்துங்கள். படங்களுக்குப் பொதுவான ஆல்பம் ஒன்றைத் திறந்து இணைப்பைப் போட்டுவிட்டால் பாதிச் சத்தம் அடங்கும். எல்லோர் படத்தையும் சேர்த்ததும் வரிசை குலையும்: போன்கள் உள்ளூர் நேரத்துக்குத் தானாக மாறியிருக்கும், தனிக் கேமராக்கள் மாறியிருக்காது. கேமராப் படங்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, எடுத்த நேரத்தை 6 மணி நேரம் நகர்த்தினால் போதும், ஒவ்வொன்றாகத் தொட வேண்டாம்.

பொதுச் செலவுக் கணக்கை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். பணம் கட்டியவரின் அட்டையில் விழுந்த மாற்று விகிதத்தில் பிரியுங்கள், இணையத்தில் இன்று தேடிக் கிடைக்கும் விகிதத்தில் அல்ல. இரண்டும் ஒத்துவராது, சச்சரவு அங்கேதான் ஆரம்பிக்கும். ஓட்டல்கள் பிடித்து வைத்த முன்பணத்தையும் பில் தொகையையும் ஒன்றாகக் கூட்டிவிடாதீர்கள். பிடித்து வைத்தது சில நாளில் தானாக விடுபடும். விடுபடவில்லையென்றால் ஓட்டல் பில்லோடு அட்டை வங்கிக்கு எழுதுங்கள்.

ஜூன் 14

கேட்டவர் திங்கள் லீவைப் போட்டுவிட்டாராம், 9 மணி மீட்டிங்கைச் செவ்வாய் 9 மணிக்கு மாற்றிவிட்டார்களாம். செவ்வாய் பிற்பகல் 2 மணிக்குக் கேளுங்கள். வெளிச்சக் கணக்குப்படி அன்றும் 9 மணிவரை நீங்கள் இருட்டில் இருக்க வேண்டியவர்.